திருப்பிப் போட்ட படம்

இது நடந்தது 2017 மே மாதம், திண்டிவனத்துக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், ஒரு கிறிஸ்தவக் கல்யாண வீட்டில். என் கணவர் திண்டிவனத்தில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கிறார். நான் கம்ப்யூட்டர் படித்துவிட்டு, சென்னைக்குப் போய்ப் பெரிய ஆளாகிவிடப் போகிறேன் என்று தெருவெல்லாம் சொல்லித் திரிந்து, கடைசியில் அதே ஸ்டூடியோவின் பின்பக்க மேசையில் வந்து உட்கார்ந்தவள். அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. ஆனால் நாள் முழுக்க ஆல்பத்தில் பூ ஒட்டிக்கொண்டிருக்க எனக்குப் பொறுமை கிடையாது. அதனால் விசேஷங்களை இன்டர்நெட்டில் நேரடியாகக் காட்டும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன்.

முதலில் எல்லா ஸ்டூடியோக்காரர்களும் செய்வது போலத்தான் செய்தோம். கேமராவிலிருந்து படம் எங்கேயோ இருக்கும் ஒரு சர்வருக்குப் போய், அங்கிருந்து வெளிநாட்டுச் சொந்தக்காரர்களுக்குப் போகும். அதில் ஒரு தொல்லை. இங்கே நடப்பது அங்கே தெரிய அரை நிமிஷம் ஆகிவிடும். விழுப்புரத்தில் ஒரு கல்யாணம். சிங்கப்பூரில் இருந்த தாய்மாமன் லேப்டாப்பில் பார்த்துக்கொண்டிருக்கிறார். தாலி கட்டியதும் மண்டபத்திலிருந்து யாரோ ஓர் அவசரக்காரர் அவருக்குப் போன் போட்டு, கட்டியாச்சு என்று சொல்லிவிட்டார். மாமனின் திரையிலோ மாப்பிள்ளை இன்னும் தாலியைக் கையில்கூட வாங்கவில்லை. "இன்னாடா பேஜாரு இது, யாருக்குடா கட்டுனீங்க?" என்று அவர் கேட்டதை என் கணவர் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்.

அந்த அரை நிமிஷத்தை ஒழிக்கத்தான் நான் மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டேன். கடைசியில் ஒரு ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி கையில் சிக்கியது. லைப்ரரி என்றால் வேறொன்றும் இல்லை, யாரோ புண்ணியவான்கள் எழுதி வைத்த ரெடிமேட் புரோகிராம். அதை நம் வெப் பக்கத்தில் சேர்த்துவிட்டால், இந்த முனையில் இருக்கும் பிரவுசரும் அந்த முனையில் இருக்கும் பிரவுசரும் நேராகப் பேசிக்கொள்ளும். பார்ப்பவர் எந்த ஆப்பையும் போனில் ஏற்ற வேண்டாம். நாம் அனுப்பும் லிங்க்கைத் தொட்டால் போதும். எதிரில் உட்கார்ந்து பேசுவது போல உடனுக்குடன் பார்க்கலாம், பதில் சொல்லலாம். "லைப்ரரி லைப்ரரின்றியே, ஒரு புஸ்தகத்தையும் காணோமே" என்று என் கணவர் கிண்டல் செய்தார்.

அந்த லைப்ரரியில் மிரர் என்று ஒரு வசதி உண்டு. நம் முகத்தை நாமே திரையில் பார்க்கும்போது கண்ணாடியில் பார்ப்பது போல இடம் வலம் மாற்றிக் காட்டும். நம்மை நமக்கு அப்படிக் காட்டுவது சரி. எதிர்முனையில் இருப்பவரைக் காட்டும்போது மாற்றக் கூடாது. நான் முதல் விசேஷத்திலேயே இரண்டு பக்கமும் மாற்றி வைத்துவிட்டேன். 'நல்வரவு' பலகையை வெளிநாட்டில் இருந்தவர்கள் எழுத்துக் கூட்டிப் படிக்க முடியாமல் திணறினார்கள். அதிலிருந்து, எங்கே படத்தைச் சோதித்தாலும் முதலில் இடம் வலம் பார்ப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது.

இந்த நிலையில்தான் அந்தக் கல்யாணப் பெண்ணின் அம்மா ஸ்டூடியோவுக்கு வந்தார். ஒரே மகளுக்குக் கல்யாணம். அப்பா வளைகுடாவில் ஒரு கம்பெனியில் மெஷின் ஆபரேட்டர். வருவதாகச் சொல்லியிருந்தவர், பத்திரிகை கொடுத்த பிறகு, லீவு கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டார். அவர் இருக்கும் இடத்தில் வீடியோ கால் ஆப் எதுவும் ஒழுங்காக வேலை செய்யாது. "உங்ககிட்ட ஏதோ லிங்க்கு இருக்குதாமே, தொட்டா மூஞ்சி தெரியுமாமே" என்று கேட்டார். அவர் கணவரின் போனுக்கு ஒரு லிங்க்கை அனுப்பிப் பார்த்தோம். கொஞ்ச நேரம் சுற்றிவிட்டுத் திறந்தது. அந்த அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மாதா கோயிலில் நடப்பதை அவர் பார்க்க வேண்டும் என்பது இரண்டாவது விஷயம்தானாம். கோயிலுக்குக் கிளம்பும் முன் வீட்டில் நடப்பதுதான் முக்கியம். அந்தப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்களில், மணப்பெண் வீட்டை விட்டு இறங்குவதற்கு முன்னால் அப்பா அம்மா முன் முழங்கால் போடுவாள். அவர்கள் வலது கைக் கட்டைவிரலால் அவள் நெற்றியில் சிலுவை அடையாளம் போட்டு ஆசீர்வதிப்பார்கள். இந்த அப்பாவுக்கு அது கல்யாணத்துக்கு மட்டுமான சடங்கு இல்லை. மகள் பரீட்சைக்குப் போனாலும் போடுவார், பஸ் ஏறினாலும் போடுவார். ஊரில் இல்லாதபோது போனில், "நெத்தியில போட்டுட்டேன்" என்று சொல்லுவாராம். அதைச் சொல்லும்போது அந்த அம்மாவுக்குச் சிரிப்பும் வந்தது.

மகளுக்குத்தான் சிரிப்பு வரவில்லை. ஏற்பாடுகளைப் பார்க்க நான் அவர்கள் வீட்டுக்குப் போனபோது முகம் கொடுத்தே பேசவில்லை. கூடத்தில் டிவியை எங்கே வைக்கலாம் என்று நான் அளந்துகொண்டிருந்தபோது, பக்கத்தில் வந்து நின்று மெதுவாகச் சொன்னாள். "எனக்கு இதெல்லாம் வேணாங்க்கா. பொண்ணு கல்யாணத்துக்கு வர முடியாத அளவுக்கு இன்னா வேலை? டிவிக்கு எவளாவது நெத்தியக் காட்டுவாளா?" குரல் உடைந்துவிட்டது. அம்மாவுக்காகச் சம்மதிக்கச் சொன்னேன். சரி என்று தலையாட்டினாள். ஆனால் அப்பா போன் செய்தால் எடுப்பதை அவள் நிறுத்தியிருந்தாள் என்பது பிறகுதான் தெரிந்தது.

கல்யாணத்துக்கு முதல் நாள் காலையில், ஸ்டூடியோவில் உட்கார்ந்து பெண்ணின் அப்பாவோடு ஒத்திகை பார்த்தேன். கணவர் வேறொரு விசேஷத்துக்குப் போயிருந்தார். திரையில் அப்பா தங்கியிருந்த அறை, பின்னால் சுவரில் கம்பெனி காலண்டர், நடுவில் அவர். ஐம்பது வயதிருக்கும். தாடியை ஒழுங்காக மழித்திருந்தார். குரலில் அப்படி ஒரு பணிவு. "தெரியுதாம்மா? நல்லா தெரியுதா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

ஆசீர்வாதம் செய்வது போல ஒருமுறை கையைத் தூக்கிக் காட்டச் சொன்னேன். காட்டினார். என் திரையில் அது இடது கை. போச்சுடா, மறுபடியும் மிரர் தொல்லை என்று நினைத்தேன். "ஒரு நிமிஷம் இருங்கண்ணா, படம் திரும்பிக்கினு இருக்குது" என்று சொல்லி, மாற்றும் பட்டனைத் தட்டினேன். கை வலது கையாகிவிட்டது. ஆனால் சுவரில் இருந்த காலண்டர் எழுத்துகள் எல்லாம் இடம் வலமாகப் புரண்டுவிட்டன. மறுபடி தட்டினேன். எழுத்து சரியானது, கை இடது கையானது. மூன்றாவது முறை தட்டப் போனபோதுதான் எனக்கு உறைத்தது. படத்தில் தப்பு இல்லை. அவர் தூக்கியதே இடது கைதான்.

"அண்ணா, வலது கையால காட்டுங்களேன்" என்றேன். அவர் கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு மேசைக்குக் கீழிருந்து வலது கையை எடுத்து மேலே வைத்தார். முழங்கை வரைக்கும் கட்டு. மெஷினில் மாட்டிக்கொண்டதாம். கட்டைவிரலும் அதற்கு அடுத்த விரலும் இல்லை. இன்னோர் ஆபரேஷன் பாக்கி இருக்கிறது, அதுவரை விமானம் ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். லீவு கிடைக்காத கதை இதுதான்.

வீட்டில் சொல்லிவிடுங்கள், உங்கள் மகள் உங்களைத் தப்பாக நினைத்துக்கொண்டிருக்கிறாள் என்றேன். அவர் சிரித்தார். "கோவமாத்தானே இருக்குது? கோவமா இருந்தா கூட அழகா இருக்கும் என் பொண்ணு. சொன்னா நாளைக்கு எல்லாரும் என் கையப் பார்த்து அழுவாங்க. ஒருத்தரும் பொண்ணப் பார்க்க மாட்டாங்க. வேணாம்மா." அப்புறம் கொஞ்சம் தயங்கி, "இப்ப ஏதோ திருப்பினேன்னியே, அப்ப என் கை எப்டி தெரிஞ்சுது?" என்று கேட்டார். வலது கை போலத் தெரிந்தது என்றேன். "அப்ப அதையே வச்சிடும்மா" என்றார்.

நான் மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லத் தோன்றவில்லை. அதற்கு மேல் நாங்கள் இரண்டு பேரும் கள்ளக் கணக்குப் போடுகிறவர்கள் போல உட்கார்ந்து ஒவ்வொன்றாக யோசித்தோம். காலண்டரைக் கழற்ற வேண்டும், எழுத்து காட்டிக்கொடுத்துவிடும். சட்டையில் பாக்கெட் இடது பக்கம் இருக்கும், அது வலது பக்கம் போய்விடும். அதனால் பாக்கெட் இல்லாத ஜிப்பா. அது அவரிடம் இல்லை, பக்கத்து அறை நண்பரிடம் வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். வாட்ச் வேண்டாம். பின்னால் ஒரு வெள்ளை பெட்ஷீட். வலது கை மேசைக்குக் கீழே. எல்லாம் முடிந்ததும் அவர் மறுபடி இடது கட்டைவிரலால் காற்றில் சிலுவை போட்டுப் பார்த்தார். விரல் கோணலாகப் போயிற்று. "பழக்கம் இல்லாத கையில்ல, இன்னிக்கு ஃபுல்லா போட்டுப் பழகிக்கிறேன்" என்றார். நான் லைனைத் துண்டித்துவிட்டு அழுதேன்.

கல்யாணத்தன்று காலை. கூடம் முழுக்க ஆட்கள். டிவியோடு லேப்டாப்பை இணைத்து, படத்தைத் திருப்பிப் போட்டு வைத்துவிட்டேன். கிராமத்தில் சிக்னல் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். இரண்டு போனில் இரண்டு சிம், எது தேறுகிறதோ அது. அவர் முகம் டிவியில் வந்ததும் வீடே அமைதியாகிவிட்டது. பெண் அறையிலிருந்து வெளியே வரும் நேரம் பார்த்துப் படம் அப்படியே உறைந்து நின்றுவிட்டது.

"ஜல்தி பண்ணு, பக்கத்த திருப்பி லோடு பண்ணு" என்று என் கணவர் தவித்தார். அவருக்கு விஷயம் தெரியாது. பக்கத்தை மறுபடி லோடு செய்தால் மிரர் அமைப்பு போய்விடும், படம் நேராக வந்துவிடும். இடது கை இடது கையாகவே இத்தனை பேர் முன்னால் தெரிந்துவிடும். நான் டிவிக்குப் போகும் ஒயரைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டேன். கூட்டத்தில் முணுமுணுப்பு. என் கணவர் என்னைப் பார்த்த பார்வையை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. லேப்டாப்பை என் பக்கம் திருப்பி, லோடு செய்து, அப்பாவின் முகம் வந்து, படத்தைத் திருப்பிப் போடும் வரைக்கும் டிவியை இருட்டாகவே விட்டேன். பிறகுதான் ஒயரைச் செருகினேன்.

பெண் வந்து முழங்கால் போட்டாள். அம்மா முதலில் நெற்றியில் சிலுவை போட்டார். அடுத்து அப்பா. அவள் தலையை நிமிர்த்தி டிவியைப் பார்த்தாள். ஒரு கணம் அப்படியே பார்த்தாள். முகத்தில் இருந்த விறைப்பு என்னவோ ஆயிற்று. அழப் போகிறாளோ என்று நினைத்தேன். அழவில்லை. எழுந்து, டிவியை விட்டுவிட்டு, லேப்டாப்பின் கேமராவுக்கு முன்னால் வந்து, திரும்பவும் முழங்கால் போட்டு, நெற்றியைக் கேமராவோடு ஒட்டுகிற மாதிரிக் கிட்டே கொண்டுவந்தாள். "போடுங்கப்பா" என்றாள்.

அவர் தன் போனின் மேல், அவள் நெற்றி இருந்த இடத்தில், கட்டைவிரலை வைத்தார். எங்கள் டிவி முழுக்க அந்த விரல்தான் தெரிந்தது. "பிதா சுதன் பரிசுத்த ஆவியின் பெயராலே" என்று அவர் சொல்லி முடிக்கும் வரை ஒரு சத்தம் இல்லை. அவர் சொல்லுவதற்கும் எங்களுக்குக் கேட்பதற்கும் நடுவில் இடைவெளியே இல்லை. அந்த லைப்ரரியை எழுதியவர்கள் எந்த நாட்டில் இருந்தாலும் நன்றாக இருக்கட்டும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். சிலுவை கோணவில்லை. முதல் நாள் முழுக்கப் பழகியிருக்கிறார்.

கல்யாணம் முடிந்தது. யாருக்கும் எதுவும் தெரியவில்லை என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை. கொஞ்ச நாள் கழித்து, ஆல்பத்துக்குப் படம் தேர்ந்தெடுக்க அந்தப் பெண்ணும் அவள் கணவரும் ஸ்டூடியோவுக்கு வந்தார்கள். வண்டிக்குப் பெட்ரோல் போட்டு வருவதாக அவர் வெளியே போனார். அவர் போனதும் அவள் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"அக்கா, அன்னிக்கு அப்பா வந்தத ரெக்கார்டு பண்ணிங்கல்ல? அத திருப்பாம காட்டுங்க."

எதைத் திருப்பாமல் என்று புரியாதவள் போலக் கேட்டேன். அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். சின்ன வயதில், லீவில் வரும் அப்பா முகம் மழிக்கும்போது பக்கத்தில் ஸ்டூல் போட்டு ஏறி நின்று, கண்ணாடியில் அவரைப் பார்த்துக்கொண்டே இருப்பாளாம். அதுதான் அவளுக்கு அப்பாவோடு கிடைத்த காலை நேரம். "அப்பாவுக்கு ரெண்டு மூஞ்சிக்கா. நேர்ல ஒண்ணு, கண்ணாடில ஒண்ணு. ரெண்டும் எனக்குத் தெரியும். டிவில வந்தது கண்ணாடி மூஞ்சி." முகம் கண்ணாடி முகம் என்றால், தூக்கிய கை இடது கை. அவள் நெற்றியில் அவர் ஒருநாளும் இடது கையால் தொட்டதில்லை. மெஷினில் வேலை செய்கிறவர் வலது கையை ஒளிக்கிறார் என்றால் வேறென்ன காரணம் இருக்கும்? அந்த ஒரு கணத்தில் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நாங்கள் பாக்கெட்டைப் பார்த்தோம், வாட்ச்சைப் பார்த்தோம், காலண்டரைப் பார்த்தோம். முகத்தை மறைக்க வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை.

மிரர் என்பது திரையில் காட்டுவதற்கு மட்டும்தான். பதிவாகும் படம் நேராகவே இருக்கும். போட்டுக் காட்டினேன். இடது கை எழும்புவதைப் பார்த்தாள். எத்தனை விரல் என்று கேட்டாள். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று அவள் அப்பாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். வாயைத் திறக்காமல் இரண்டு விரலைக் காட்டினேன். துப்பட்டாவை வாயில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள். அன்றைக்கே ஏன் கேட்கவில்லை என்றேன். "கேட்டிருந்தா அவரு கைய எடுத்துக் காட்டணும்ல? அவ்ளோ பாடுபட்டு மறைச்சிக்கினு இருக்காரு. நான் கேட்டு இன்னா ஆவப் போவுது?"

அவள் கணவரின் வண்டிச் சத்தம் கேட்டது. முகத்தைத் துடைத்துக்கொண்டு அவசரமாக இரண்டு விஷயம் சொன்னாள். அவளுக்குத் தெரியும் என்று அப்பாவிடம் நான் சொல்லக் கூடாது. கல்யாண டிவிடியில் அந்தக் காட்சியை டிவியில் தெரிந்தது போலவே திருப்பிப் போட வேண்டும், அப்பா ஊருக்கு வந்ததும் அதைத்தான் முதலில் போட்டுப் பார்ப்பார். நேராகப் பதிவான படத்தை நான் வேலை மெனக்கெட்டுத் திருப்பிப் போட்டேன். என் கணவர், இது என்ன கூத்து, நல்ல படத்தைக் கெடுக்கிறாய் என்றார். அப்போதுதான் அவருக்கு விஷயத்தைச் சொன்னேன். அதன் பிறகு அவர் கிண்டல் செய்யவில்லை.

கிறிஸ்துமஸுக்குப் பெண்ணின் அப்பா ஒரேயடியாக ஊர் வந்து சேர்ந்தார். கல்யாணத்துக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் கையில் அடிபட்டது என்று வீட்டில் சொல்லியிருக்கிறார். மகள், "எப்பப்பா ஆச்சு?" என்று முதன்முதலாகக் கேட்பது போலக் கேட்டு, முதன்முதலாக அழுவது போல அழுதிருக்கிறாள். அதில் பாதி நிஜ அழுகைதான் என்று பிறகு என்னிடம் சொன்னாள். இதை எழுதட்டுமா என்று சமீபத்தில் கேட்டபோது, "எழுதுங்கக்கா, அப்பா பேப்பர்ல மழை வருதான்னு மட்டுந்தான் பார்ப்பாரு" என்றாள்.

ஊருக்கு வந்த சில நாளில் அவர் ஸ்டூடியோவுக்கு வந்தார். இடது கையில் ஒரு பை நிறைய வறுத்த மல்லாட்டை; வேர்க்கடலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். மேசையில் வைத்துவிட்டு, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார். "யாருக்கும் தெரியலம்மா. என் பொண்ணுக்குக் கூட தெரியல." அந்த முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

"ஆமாண்ணா, யாருக்கும் தெரியல" என்றேன்.

எத்தனையோ கல்யாணங்களை நேரலையில் காட்டிவிட்டேன், எத்தனையோ பேர் திரையில் அழுவதையும் சிரிப்பதையும் பார்த்துவிட்டேன். ஆனால் ஒருவர் வலியை இன்னொருவர் இப்படிப் பொத்திப் பொத்திக் காத்ததை நடுவில் உட்கார்ந்து பார்க்கக் கொடுத்துவைத்தது எனக்கு அந்த ஒரு முறைதான், அதற்காக இரண்டு பக்கமும் பொய் சொன்னதை நினைத்து இன்றுவரை எனக்கு மனசு நிறைந்துதான் இருக்கிறது.